நோக்கம்: வதிவிடம்

முப்பத்தாறு வருடங்கள் காணிக் கிளையில் வேலை செய்த ஒருவனுக்கு, ஒரு காணிப் பிரச்சினைக்குச் சட்டத்தரணி கிடைக்கவில்லை என்று சொன்னால் மன்னாரில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பியவர்கள் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் பிரச்சினைக்கு உரியவளான என் தங்கச்சிதான்.

அவள் அரிப்பு என்ற கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறாள். வளவின் முன்பக்கம் வீடு, பின்பக்கம் கருவாடு காயப்போடும் பரண்கள். மச்சான் முழங்கால் நோவால் கடலுக்குப் போவதை நிறுத்தியபிறகு அந்தப் பரண்கள்தான் வீட்டை நடத்துகின்றன. அவளோடு இன்னும் மூன்று பெண்கள் அங்கே மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்துப் பொதி செய்கிறார்கள். கட்டாவும் திருக்கையும் அந்த வளவுக்குள் போனால் மீனாகத் திரும்பி வருவதில்லை.

பக்கத்துக் காணியை வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒருவர் வாங்கி, நாலு அறையோடு ஒரு விருந்தினர் விடுதி கட்டினார். கடலைப் பார்த்தபடி விறாந்தை, விறாந்தையில் சாய்வு கதிரைகள். அவர் கட்டத் தொடங்கியது வாடைக்காற்றுக் காலம். அவர் குடிபுகுந்தது தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காலம். சோளகம் எங்கள் பரண்களைத் தடவிக்கொண்டு நேரே அந்த விறாந்தைக்குத்தான் போகும். இதை அவருக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பிரதேச சபைக்கு எழுதினார்.

"அண்ணன், ஒரு கடதாசி வந்திருக்கு" என்று தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள். "என்னெண்டு விளங்கேல்லை. ஆனால் நல்ல கடதாசி இல்லை."

பஸ் ஏறிப் போனேன். கடதாசி உண்மையில் மிக நல்ல கடதாசி. பந்திகளுக்கு இலக்கம் இட்டிருந்தார்கள். பிரதிகள் யாருக்குப் போகின்றன என்று கீழே ஒழுங்காக எழுதியிருந்தார்கள். வதிவிடத்துக்கென வழங்கப்பட்ட காணியில், வதிவிட வலயத்துக்குள், வியாபார நோக்கில் மீன் பதனிடப்படுகிறது. முப்பது நாளுக்குள் நிறுத்தவேண்டும். தவறினால் நீதவான் நீதிமன்றம். நான் இரண்டு தடவை வாசித்தேன்.

"எழுதினவன் பழகின ஆள்" என்றேன். "மூண்டாம் பந்தியைப் பார். ஒரு சொல் கூடுதலாய் இல்லை."

"அவங்கள் என்ர வயித்தில அடிக்கிறாங்கள். நீங்கள் பந்தி எண்ணிக்கொண்டு இருக்கிறியள்."

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பைக்குள் பை வைத்துச் சுற்றியிருந்த காணி அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்தாள். அரிப்பில் அதை பேர்மிட் என்பார்கள்.

"இதை ஒருக்கா வாசியுங்கோவன்."

"இதிலை வாசிக்க என்ன இருக்கு? எல்லா பேர்மிட்டும் ஒரே அச்சு. எனக்குப் பாடம்" என்று சொல்லி, பையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். எங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று பிரதேச சபைக்கு எப்படித் தெரியும், ஊகத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கலாம். நான் வைத்திருக்கவில்லை.

பதில் கடிதத்தை நானே எழுதிவிடுவேன். ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் நான் எழுந்து பேச முடியாது. பேச உரிமை உள்ள ஒருவர் வேண்டும். இதைத் தங்கச்சிக்கு விளக்கினேன்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்ச லோயர் ஆராவது இருப்பினம்தானே?"

"எல்லாரையும் தெரியும்" என்றேன். அதுதான் பிரச்சினை என்று அடுத்த கிழமை விளங்கியது.

முதலில், நீதிமன்றத்துக்குக் கிட்ட கந்தோர் வைத்திருக்கும் மூத்த சட்டத்தரணியிடம் போனேன். வாசற்படியில் ஒரு கழுதை படுத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். அவர் எழுந்து கைகொடுத்தார், தேத்தண்ணி வரவழைத்தார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பின்னாலிருந்த இழுப்பறையைத் திறந்து, பழுத்துப்போன ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் இளவயதில் எங்கள் கந்தோருக்கு அனுப்பிய கடிதம். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. "திரும்ப அனுப்பப்படுகிறது. ஒப்பம் புள்ளிக்கோட்டுக்கு வெளியே உள்ளது."

"ஆற்ற கையெழுத்து?" என்று கேட்டார்.

"என்ரதான்."

"இதை நான் என்ர ஜூனியர்மாருக்குக் காட்டுறனான். மன்னாரிலை லோயராய் இருக்கிறதெண்டால் என்னெண்டு விளங்கட்டும் எண்டு."

"ஒப்பம் வெளியிலைதானே இருக்கு?" என்றேன். கடிதத்தைத் திரும்பவும் பார்த்தேன். வெளியில்தான் இருந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாருங்கோ, இதுதான். நீங்கள் என்னட்டைக் கேக்க வரேல்லை, சொல்ல வந்தனீங்கள். நான் ஒரு கடிதம் எழுத, நீங்கள் அதைத் திருத்த, நான் திருப்பி எழுத... எனக்கு பிரஷர் இருக்கு ஐயா. வேற ஆரையும் பாருங்கோ."

வேறு ஆரையும் பார்த்தேன். உப்புக்குளத்தில் ஒருவர் கேற்றிலேயே நின்று, தான் இப்போது காணி வழக்குகள் எடுப்பதில்லை என்றார். அவர் தலைக்கு மேலே பெயர்ப்பலகையில் 'காணி வழக்குகள்' என்ற எழுத்துகளில் வண்ணம் இன்னும் காயவில்லை. அவர் எழுதிய காணி உறுதிப் பத்திரம் ஒன்றை நான் நாலு தடவை திருப்பி அனுப்பியிருந்தேன். மூன்று தடவை என்றுதான் நான் நினைத்திருந்தேன், அவர் திருத்தினார்.

பிறகு பாப்பாமோட்டையில் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மன்னாரில் அவருடைய கந்தோர் பூட்டிக் கிடந்தது. தொலைபேசியில் அழைத்தால் இயந்திர இரைச்சலுக்கு நடுவே "வயலுக்கு வாங்கோ" என்றார். அறுவடைக் காலம். போனேன். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயோடு வரம்பில் நின்றார். ஒரு கண் என்மேல், ஒரு கண் வெட்டு மிஷின்மேல். நான் ஐந்தாவது பந்திக்கு வரும்போது மிஷின் மூலையை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டது.

"டேய், மூலை! மூலை!" என்று கத்திக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "ஐயா, நெல்லெண்டால் சொல்லுங்கோ, இண்டைக்கே வாறன். கடற்கரை, வலயம், இதுகள் எனக்குச் சரிவராது. கருவாடு எண்டு சொன்னியள், நல்லதா கொஞ்சம் எடுக்கலாமே?"

தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது அவள் அந்த ஆளுடைய தொலைபேசி இலக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கருவாட்டுக்கு.

முப்பது நாளில் பதினொரு நாள் போய்விட்டது. உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் என் தோல்விகளைச் சொல்ல, அவளும் மீன் வெட்டும் பெண்களும் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"முப்பத்தாறு வருஷமாய் ஒருத்தரையும் விடேல்லைப் போல" என்றாள் ஒருத்தி.

"இஞ்ச விடுங்கோ அண்ணன்" என்றாள் தங்கச்சி. "என்னட்டைக் கருவாடு எடுக்கிற ஒரு லோயர் பிள்ளை இருக்கு. மாசத்தில ஒருக்கா வரும். திருக்கை மட்டும்தான் எடுக்கும். நல்லாப் பாத்துத்தான் எடுக்கும், ஒவ்வொண்டையும் பிரட்டிப் பிரட்டி. நான் கேட்டுப் பாக்கிறன்."

"எத்தினை வருஷம் தொழில் செய்யுது?"

"அது எனக்குத் தெரியாது. ஒரு நாளும் ஏமாறேல்லை. அது தெரியும்."

சட்டத்தரணியைத் தேர்ந்தெடுக்க இப்படி ஒரு முறை உண்டு என்று எந்தச் சுற்றறிக்கையிலும் நான் வாசித்ததில்லை.

தையல் கடைக்கு மேல்மாடியில் அந்தப் பிள்ளையின் கந்தோர். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். நான் ஓய்வுபெற்ற பிறகு தொழிலுக்கு வந்தவர். ஆகவே அவருடைய கடிதம் எதையும் நான் திருப்பி அனுப்பியிருக்கவில்லை. தங்கச்சியை "வாங்கோ அன்ரி" என்று கூட்டிப்போய் இருத்தினார். நான் கோப்பைத் திறந்து தொடங்கினேன். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் இருந்து தொடங்கினால்தான் விளங்கும் என்பது என் எண்ணம்.

"சேர், ஒரு நிமிஷம்" என்றார். "பேர்மிட் இருக்கோ?"

தங்கச்சி பையைப் பிரித்துக் கொடுத்தாள். அவர் திருக்கையைப் பிரட்டுவது போலவே அதையும் முன்பக்கம், பின்பக்கம் பிரட்டிப் பார்த்தார்.

"சேர், இதை வாசிச்சனீங்களோ?"

"எல்லா பேர்மிட்டும் ஒரே அச்சு."

"அச்சு ஒண்டுதான். கையால எழுதினது வேற. இதைப் பாருங்கோ. நோக்கம்: வதிவிடம்."

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வதிவிடம் என்றுதான் இருந்தது. கையெழுத்து என்னுடையது இல்லை. உறவினர் கோப்பை உத்தியோகத்தர் தொடக்கூடாது, நான் தொடவில்லை. அப்போது எனக்குக் கீழே இருந்த ஒரு இளம் உத்தியோகத்தரிடம் கொடுத்திருந்தேன். அவருடைய கையெழுத்துத்தான். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"பிழை விட்டிட்டான்" என்றேன். "காணி குடுக்க முதல் விசாரிச்ச காணிக் கச்சேரியிலை இவளிட்டை என்ன செய்யிறாய் எண்டு கேட்டிருப்பினம். கருவாடு எண்டுதான் சொல்லியிருப்பாள். அண்டைக்கு அந்த மண்டபம் முழுக்க இவளாலை மணந்தது."

"ஓம், சொன்னனான்" என்றாள் தங்கச்சி. "எழுதினவங்கள்."

"அப்ப அந்தக் கோப்பு எங்களுக்கு வேணும்" என்றார் பிள்ளை. "முழுக் கோப்பின்ர பிரதியும். தகவல் உரிமை விண்ணப்பம் போடவேணும்."

அது என் இடம். அங்கேயே உட்கார்ந்து நானே எழுதினேன். கோப்பில் உள்ள விசாரணைக் குறிப்புகள், உள்ளகக் குறிப்புகள், ஓரக் குறிப்புகள், ஒட்டப்பட்ட துண்டுகள் வரை ஒன்றும் தப்பாதபடி எழுதினேன். யாராலும் திருப்பி அனுப்ப முடியாத விண்ணப்பம். பிள்ளை வாசித்துவிட்டு, "சேர், இதில ஒண்டும் மாத்தத் தேவையில்லை" என்றார். அந்தக் கிழமையில் என்னை மதித்த முதல் வசனம்.

இதற்கிடையில் அவர் பிரதேச சபைக்கு எழுதி, காணி ஆவணம் பரிசீலனையில் இருப்பதால் தவணை கேட்டார். கொடுத்தார்கள். சபையில் இருந்தவர்களுக்கும் கருவாட்டின்மேல் கோபம் ஒன்றும் இல்லை. காகிதத்தில் இருந்ததை வாசித்து எழுதியிருக்கிறார்கள். நான் செய்யாததை அவர்கள் செய்திருந்தார்கள்.

கோப்பின் பிரதி வந்த அன்று மூன்று பேரும் மேல்மாடியில் இருந்தோம். பிள்ளை ஒவ்வொரு தாளாகப் பார்த்து வந்தார். காணிக் கச்சேரிக் குறிப்பில் தங்கச்சி சொன்னது அப்படியே இருந்தது: வீடும் கருவாட்டுப் பரணும். இளம் உத்தியோகத்தர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். அதற்கு மேலே ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பிள்ளை அதை வாசித்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வாசித்தார்.

"சேர், இது ஆற்ற கையெழுத்து?"

மன்னாரில் எல்லாச் சட்டத்தரணிகளும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"எல்லா அனுமதிப்பத்திரங்களிலும் நோக்கம் என்ற இடத்தில் வதிவிடம் என்று மட்டும் எழுதவும். வேறு எதுவும் எழுதவேண்டாம்." 'வேறு எதுவும்' என்பதன்கீழ் இரண்டு கோடு. கீழே என் ஒப்பம். புள்ளிக்கோட்டுக்குள்.

எனக்கு அந்த நாள் உடனே நினைவுக்கு வந்தது. போர் முடிந்து சனங்கள் மீளக் குடியேறிய காலம். தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள். வீட்டுத்திட்டத்துக்கு பேர்மிட் கேட்டார்கள். நோக்கத்தில் கருவாடு, கடை, ஆட்டுப்பட்டி என்று ஏதாவது எழுதினால் கோப்பு இன்னும் இரண்டு கந்தோருக்குப் போய்ச் சம்மதம் வாங்கி வரவேண்டும். மழை வந்துவிடும். ஆகவே எல்லோருக்கும் வதிவிடம் என்று எழுதச் சொன்னேன். மழைக்கு முன்னால் கூரை வந்தது. முப்பத்தாறு வருடத்தில் நான் மிகவும் பெருமைப்பட்ட துண்டு அது.

"கச்சேரியிலை நான் சொன்னதை அவங்கள் எழுதினவங்கள்" என்றாள் தங்கச்சி. "எழுதினதை மூடினது நீங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளை மட்டும் முகம் மலர்ந்து இருந்தார். "அன்ரி, பேசாதேங்கோ. இதில இன்னொரு வரி இருக்கு. 'வீடு கட்டி முடிந்தபின் ஏனைய நோக்கங்கள் தனித்தனியாகத் திருத்தப்படும்.' சேர், இதுதான் எங்களுக்கு வேணும். அரசாங்கமே திருத்துறன் எண்டு எழுதியிருக்கு. பிறகு ஏன் திருத்தேல்லை?"

அந்த வருட முடிவில் எனக்கு ஓய்வு. மாலை போட்டார்கள், குத்துவிளக்கு ஒன்று தந்தார்கள், பேசினார்கள். அந்தத் துண்டைப் பற்றி நான் யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை.

"அப்ப நீங்கள் சத்தியக்கடதாசி முடிக்கவேணும்" என்றார் பிள்ளை. "இனி நீங்கள் ஆலோசகர் இல்லை சேர். சாட்சி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

சத்தியக்கடதாசியை நான் வீட்டில் இருந்து எழுதிக்கொண்டு போனேன். பிள்ளை ஐந்து பந்தியைத் தொடவில்லை. ஆறாவதில் பேனாவை வைத்தார்.

"'நிர்வாகச் சூழ்நிலைகள் காரணமாக மேற்படி திருத்தம் மேற்கொள்ளப்படவில்லை.' இது என்ன சேர்?"

"அப்பிடித்தான் எழுதுறது."

"ஆர் மேற்கொள்ளேல்லை?"

"சூழ்நிலை."

"சூழ்நிலையைச் சாட்சிக் கூட்டிலை ஏத்தேலாது. மறந்து போனன் எண்டு எழுதுங்கோ."

எழுதமாட்டேன் என்றேன். ஒரு அரச உத்தியோகத்தர் மறந்ததாக நான் எந்தக் கோப்பிலும் கண்டதில்லை என்றேன். காலதாமதம் ஏற்பட்டது என்று போடலாம், கவனத்துக்கு வரவில்லை என்று போடலாம், இப்படி எட்டுச் சொற்றொடர்கள் சொன்னேன். பிள்ளை கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி எழுந்து என் பக்கத்துக் கதிரைக்கு வந்தாள்.

"அண்ணன், உங்கட சொல்லுகள் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுகளைப் பரணிலை போட்டுக் காய வைக்கட்டோ?"

பிள்ளை சிரிப்பை அடக்க யன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பேனாவை வாங்கி, ஆறாவது பந்தியை வெட்டிவிட்டு, "நான் அதைச் செய்ய மறந்துவிட்டேன்" என்று எழுதினேன். அவ்வளவு குறுகிய பந்தியை என் வாழ்க்கையில் நான் எழுதியதில்லை.

சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியம் செய்து, திருத்த விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்தோம். ஒரு கிழமையில் கடித உறை ஒன்று வந்தது. திறந்தால் எங்கள் சத்தியக்கடதாசியே திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு மை. "திரும்ப அனுப்பப்படுகிறது. இரண்டாம் பக்கத்தில் முத்திரை ஒப்பத்தின்மேல் விழுந்துள்ளது. ஒப்பம் தெளிவாக இல்லை." கீழே காணி உத்தியோகத்தரின் கையெழுத்து. அன்று எனக்குக் கீழே இருந்து 'வதிவிடம்' என்று எழுதிய அதே இளம் உத்தியோகத்தர்.

தங்கச்சிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "முத்திரை எங்க விழுந்தால் அவனுக்கென்ன? ஆர் இவனுக்கு இதெல்லாம் பழக்கினது?"

நான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரை ஒப்பத்தின்மேல்தான் விழுந்திருந்தது. ஒரு சொல்கூட மாற்ற இடமில்லாத குறிப்பு.

"நான்தான்" என்றேன். அன்று பின்னேரமே புதிதாக எழுதி, முத்திரையைத் தள்ளிக் குத்தவைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காணி உத்தியோகத்தர் எழுந்து நின்று, "குறை நினைக்காதேங்கோ சேர்" என்றார். "நினைச்சால்தான் குறை" என்றேன்.

காணி உத்தியோகத்தர் வளவைப் பார்வையிட வந்த அன்று சோளகம் நன்றாக அடித்தது. விடுதிக்காரரும் வந்திருந்தார். பரண்களை விடுதிக்கு எட்டவுள்ள தெற்கு மூலைக்கு நகர்த்துவது, வேலிக்கு உயரமாகத் தென்னோலைக் கிடுகு கட்டுவது, மீன் கழிவை அன்றன்றே புதைப்பது என்று ஒப்புக்கொண்டோம். விடுதிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"கொழும்பிலை இருந்து வந்த ஆக்கள் இது என்ன மணம் எண்டு கேட்டவை" என்றார். "சொன்னனான். மத்தியானம் சமைச்சுத் தரச் சொல்லிக் கேக்கினம். இப்ப நான் என்ன செய்யிறது?"

"என்னட்டை வாங்குங்கோ" என்றாள் தங்கச்சி. பரண்களை நகர்த்துவதற்கு முன்பே அவருக்கு ஒரு பொதி கட்டிக் கொடுத்துவிட்டாள்.

பேர்மிட் இரண்டு மாதத்தில் திருத்தி வந்தது. பிரதேச சபையும் தன் நோட்டீசை மீளப் பெற்றுக்கொண்டது. பேர்மிட்டை நான்தான் கந்தோரில் ஒப்பமிட்டு எடுத்து அரிப்புக்குக் கொண்டுபோனேன். பெண்கள் நெத்தலி பரப்பிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள், ஆனால் வாங்கவில்லை.

"வாசியுங்கோ."

"திருத்தியாச்சு. பிள்ளையும் பாத்தது."

"நீங்கள் வாசியுங்கோ. முழுக்க. அச்சடிச்சதையும்."

மூன்று பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் வெயிலில் நின்று, மேல் தலைப்பில் இருந்து தொடங்கி, எல்லைகள், பரப்பு, நிபந்தனைகள் எல்லாம் சத்தமாக வாசித்தேன். நோக்கம்: வதிவிடமும் கருவாடு உலர்த்தலும் என்ற இடம் வந்தபோது அவள் கையைத் தூக்கினாள்.

"அந்த இடத்தை இன்னொருக்கா."

இன்னொருக்கா வாசித்தேன். அதன்பிறகுதான் வாங்கி, பொலித்தீன் பைக்குள் பை வைத்துச் சுற்றி, அலுமாரிக்குக் கொண்டுபோனாள்.